பாதியில் நிற்கும் பாடம்

அரசலாறு பாயும் காரைக்கால் வட்டாரத்தில் ‘வயலுக்கு மருந்து அடிக்கிறோம்’ என்பார்கள். வயலில் தெளிக்கும் நஞ்சுக்கும் மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். மையாஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோய்க்குத் தரப்படும் நியோஸ்டிக்மினும், கரிம பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகளும் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன. ஆகவே சொல்லில் குறை காண வேண்டாம். குறை நம் பாடத்தில் இருக்கிறது.

வாசகர்களே, நீங்கள் குறிப்பேட்டில் வரைந்த படத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் சுரக்கிறது, தசை சுருங்குகிறது, கோலினெஸ்டரேஸ் நொதி அசிட்டைல்கோலினைச் சிதைக்கிறது. நொதியைத் தடுத்தால் அசிட்டைல்கோலின் தேங்கித் தசை துடிக்கிறது. தேர்வுக்கு இது போதும். ஆனால் துடித்த தசை பிறகு ஏன் செயலற்றுப் போகிறது? படத்தில் விடை இல்லை.

விடை அயனி மதகுகளில் இருக்கிறது. இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள் வந்து ஒட்டியதும் தசைப் படலத்தில் ஒரு மதகு ஏறத்தாழ 1 மில்லிசெகண்டு திறக்கிறது; சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. அதனால் எழும் மின் மாற்றம் அக்கம்பக்கத்துச் சோடியம் மதகுகளைத் திறந்துவிடுகிறது. இந்த இரண்டாம் வகை மதகு ஒருமுறை திறந்து மூடினால், படலம் பழைய மின்நிலைக்குத் திரும்பும்வரை மறுபடி திறக்காது. அசிட்டைல்கோலின் அகலாவிட்டால் படலம் திரும்புவதேது? போதாக்குறைக்கு, முதல் வகை மதகும் அசிட்டைல்கோலின் ஒட்டியிருக்கும்போதே மரத்துப்போய் மூடிக்கொள்கிறது. (நம் ஆற்று மதகு இப்படிச் செய்யாது, உவமை இங்கே நொண்டுகிறது.) நியோஸ்டிக்மினோ, அளவு மிகுந்தால் நேரே மதகிலேயே போய் அடைத்துக்கொள்வதும் உண்டு. ‘நொதித் தடுப்பி’ என்ற பெயர் இதை மறைத்துவிடுகிறது.

இதெல்லாம் வெறும் நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இலங்கை மருத்துவர்கள் நிமல் சேனநாயக்கவும் லக்ஷ்மன் கரலியெத்தவும் 1987இல் 10 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பூச்சிக்கொல்லி நஞ்சின் முதல் வேகம் சிகிச்சையில் தணிந்துவிட்டது. பிறகு, நஞ்சு உட்சென்ற 24 முதல் 96 மணி நேரத்துக்குள், கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்தன. இதன் காரணம் முழுதும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் நரம்பும் தசையும் சேரும் இடத்தில் ஏற்படும் கோளாறு என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள்.

‘முறிவு மருந்து அட்ரோபின்’ என்று பாடம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அட்ரோபின் எச்சிலையும் சளியையும் வற்றச் செய்யும்; இறங்கிய நாடித் துடிப்பை ஏற்றும். எலும்புத் தசையின் மதகுகளை அது தொடுவதில்லை. மறுநாள் நோயாளி கண் விழித்துப் பேசுகிறார். உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். அப்போது பார்க்க வேண்டியது, தலையணையிலிருந்து அவரால் தலையைத் தூக்க முடிகிறதா என்பதை. முடியாவிட்டால் மூச்சுக் கருவி பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். தசைகள் மீளச் சில நாட்களும் ஆகலாம், இரண்டு மூன்று வாரங்களும் ஆகலாம். தேவைப்பட்டால் அதுவரை கருவிதான் அவருக்காக மூச்சு விட வேண்டும்.