விறகுக்கு 50 சிசி

விறகு அறுக்க எந்தச் சங்கிலி ரம்பம் வாங்கலாம் என்று கேட்டால் 50 சிசி வகையைத்தான் கைகாட்டுவேன். சிறியது தடித்த கட்டையில் திணறும். 70 சிசி, மதியத்துக்குள் தோளைக் கழற்றிவிடும்.

ஜெர்மனியின் ஷ்டீல் நிறுவனத்து எம்எஸ் 271-ஐயும் எம்எஸ் 261-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே 50.2 சிசி. ஆனால் 271 தருவது 2.6 கிலோவாட், எடை 5.6 கிலோ. 261 தருவது 3 கிலோவாட். எடையோ 5 கிலோவை ஒட்டித்தான். தினமும் காட்டில் நிற்பவருக்கு அந்த அரைக் கிலோ பெரிய விஷயம், கூடுதல் விலையைக் கொடுக்கலாம். வீட்டு அடுப்புக்கு 271 தாராளம். சுவீடனின் ஹஸ்க்வர்னா 545 மார்க் 2-உம் இதே வரிசையில் நிற்கும் நல்ல ரம்பம்.

எனக்கு எஞ்சினைவிடச் சங்கிலிப் பல்லின் மேல்தான் பிரியம். .325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம். 30 டிகிரி சாய்வில், பல்லின் உள்பக்கமிருந்து வெளியே தள்ள வேண்டும். அழுத்தித் திரும்ப இழுக்கக் கூடாது. கூர் அமைந்துவிட்டால் காய்ந்த சீமைக்கருவேலத்தில்கூட ரம்பம் தன் எடையிலேயே இறங்கும், சீவல் சீவலாகத் தெறிக்கும். அந்தச் சீவலைக் கையில் அள்ளிப் பார்ப்பதில் ஒரு சுகம். மாவாகக் கொட்டினால் எஞ்சினை நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள்.