சிக்கனம் யார் தலையில்?

விலைவாசி ஏறும்போதெல்லாம் பெண்கள் பத்திரிகைகளில் ஒரு வகை எழுத்து தவறாமல் வந்துவிடும். 'இல்லத்தரசிகளுக்குச் சிக்கனக் குறிப்புகள்', 'நெருக்கடியைச் சமாளிக்கப் பத்து வழிகள்' என்ற மாதிரித் தலைப்புகள். பருப்பை ஊறவைத்து வேகவைத்தால் கேஸ் மிச்சம். மிளகாய்ப் பொடியை வீட்டிலேயே தயார்செய்தால் மாதச் செலவு குறையும். அவசரத்துக்கென்று மூன்று மாதச் செலவுப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். இவற்றில் பல உண்மையாகவே பயன்படக்கூடியவை, நானும் பயன்படுத்துகிறேன். அதனால்தான் இவற்றைப் புறக்கணிக்காமல், ஓர் எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். இவை எதைச் செலவு என்று எண்ணுகின்றன? எதை எண்ணாமல் விடுகின்றன?

முதலில் விடுபடுவது நேரம். வீட்டில் பொடி அரைத்தால் இத்தனை ரூபாய் மிச்சம் என்று கணக்குப் போடும் கட்டுரை, மிளகாயைக் காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லுக்குத் தூக்கிப்போய், அரைத்து வந்து ஆறவைத்து, சலித்து அடைக்கும் அரை நாளைக் கழிப்பதே இல்லை. 2019இல் இந்தியாவில் எடுக்கப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். சிக்கனக் குறிப்பு சேமித்துத் தரும் ஒவ்வொரு ரூபாயும் பெரும்பாலும் இந்த 299ஐத்தான் இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது.

அடுத்து விடுபடுவது வயிறு. மீந்ததை வீணாக்காதீர்கள் என்கிறது குறிப்பு. மீந்ததை யார் சாப்பிடுவது என்று அது சொல்வதில்லை. சொல்லாமலே நமக்குத் தெரியும் என்று அதற்குத் தெரியும். வீட்டில் ஐந்து பேர், முட்டை நான்கு என்றால் அந்தக் கணக்கு யார் தட்டில் நேராகும் என்பது நாம் பிறந்ததிலிருந்து பார்த்து வருவதுதான்.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். திருக்குறளில் சிக்கனம் பற்றி இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரவு வரும் வழி சிறியதாக இருந்தாலும் செலவு போகும் வழி விரியாதிருந்தால் கேடில்லை என்கிறது 478ஆம் குறள். அது பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில் இருக்கிறது. வரவையும் செலவையும் தீர்மானிக்கும் அதிகாரம் கையில் உள்ள அரசனுக்குச் சொன்னது. 51ஆம் குறளோ வாழ்க்கைத் துணைநலத்தில் வருகிறது. கணவனின் வளத்துக்குத் தக்கபடி வாழ்பவளே துணை என்கிறது. இங்கே வளம் அவனுடையது, அதற்குள் அடங்குவது அவள் மாண்பு. இன்றைய சிக்கனக் குறிப்புகள் இரண்டையும் கலந்துவிட்டன. அரசனுக்குரிய பொறுப்பைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மனைவிக்குரிய அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கின்றன.

வீட்டில் நடக்கும் இதே காரியத்தை அரசுகளும் செய்யும் என்பதற்கு இலங்கை நல்ல உதாரணம். 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட வரிக் குறைப்பு, 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, தீர்ந்துபோன டாலர் கையிருப்பு. இவற்றில் எதுவும் எந்தச் சமையலறையிலும் எடுத்த முடிவல்ல. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. கேஸ் கிடைக்காத வீடுகளில் விறகடுப்பு மூட்டப்பட்டது. மின்வெட்டு 13 மணி நேரம்வரை போனது. ஜூன் மாதம், அரசு ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் போடுவதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தோட்டம் நல்லதுதான். ஆனால் நாட்டின் கணக்கில் விழுந்த ஓட்டையை வீட்டுக் கொல்லையில் அடைக்கச் சொல்லும்போது, மற்ற ஆறு நாளும் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்று நாம் கேட்க வேண்டும்.

'அவசரத்துக்குப் பணம் எடுத்து வையுங்கள்' என்ற அறிவுரைக்கு வருவோம். நம் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவதும், சிறுவாடு சேர்ப்பதும், சீட்டுக் கட்டுவதும் அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுகள். என் அம்மா பணத்தைத் துவரம்பருப்பு டப்பாவின் அடியில் வைத்திருந்தார். எங்கள் பரீட்சைக் கட்டணமும் பாட்டியின் கண் சிகிச்சையும் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தன. குடிக்கும் கணவனுக்கும் கடன் கேட்கும் மைத்துனனுக்கும் தெரியாமல் இருப்பதுதான் அத்தகைய பணத்தின் பலம்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது உடைந்தது அந்தப் பலம்தான். டிசம்பர் 30க்குள் வங்கியில் போட வேண்டும். தன் பெயரில் கணக்கு இல்லாதவள் கணவனிடமோ மகனிடமோ கொடுத்தாக வேண்டும். இல்லத்தரசிகள் 2.5 லட்சம் ரூபாய்வரை போட்டால் வரித்துறை தொந்தரவு செய்யாது என்று அரசு சொன்னது. வரித்துறை கேட்காத கேள்வியைப் பல வீடுகள் கேட்டன: 'உனக்கு ஏது இவ்வளவு பணம்?' அவள் கட்டிக்காத்ததைச் சேமிப்பு என்று பாராட்ட வேண்டிய இடத்தில், திருட்டு என்று விசாரித்தார்கள். சேமிக்கச் சொல்லும் குறிப்புகள் எதுவும், சேமித்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் போவதே இல்லை.

அந்தக் கேள்விக்குச் சட்டம் மெதுவாகப் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறது. கணவன் வெளியே சம்பாதிக்க வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்ந்ததற்கான பங்களிப்பே, அதில் அவளுக்குச் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. மிச்சம் பிடிப்பதும் சம்பாத்தியம்தான் என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பிறகும், நம் குறிப்புகள் அதை இன்னும் 'சாமர்த்தியம்' என்றே எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஆகவே நெருக்கடிக்குத் தயாராகும் பட்டியலில் அரிசி, பருப்பு, மருந்து, டார்ச் லைட்டோடு வேறு சிலவற்றையும் சேர்க்கச் சொல்வேன். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அவள் கைப்பேசி எண்ணோடு இணைத்தது. வீட்டின் கடன்கள் எத்தனை, யார் பெயரில், என்ன வட்டி, அடகு நகையை எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்று எழுதிய தாள். குடும்ப அட்டை, காப்பீட்டுப் பத்திரம், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கின்றன என்ற தகவல். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் சமைக்கத் தெரிந்த இன்னொருவர். அந்த இன்னொருவர் மகளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உணவு குறைந்தால் எல்லார் தட்டிலும் குறையும் என்ற ஒப்பந்தம்.

அடுத்த முறை சிக்கனக் குறிப்பு ஒன்றைப் படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எத்தனை ரூபாய் மிச்சம், அதற்கு யாருடைய எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்தத் தாளை வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.