வந்தவர்கள் வைத்த உலை

சென்னையில் சாப்பிட என்ன இருக்கிறது என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடனே பசி எடுத்துவிடும். மதுரைக்குக் கறிதோசை, திண்டுக்கல்லுக்குப் பிரியாணி, திருநெல்வேலிக்கு அல்வா என்று ஊருக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு, "உங்க மெட்ராசுக்கு என்னப்பா?" என்பார்கள். ராயபுரத்தில் பிறந்து இன்றும் அங்கேயே குடியிருக்கிற எனக்கு, இதற்குப் பதில் சொல்ல ஒரு சாயங்காலம் போதாது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் பிசைந்து தரும் அத்தோ, மதுராவிலிருந்து வந்தவர் திறந்த கடையின் சாம்பார் இட்லி, கொழும்பில் ஓட்டல் நடத்திவிட்டு வந்தவரின் கடையில் பொரித்த கோழி, சௌகார்பேட்டைச் சந்துகளில் பிறந்த முறுக்கு சாண்ட்விச். எல்லாமே எங்கள் ஊர்ச் சாப்பாடுதான். வந்தவர்கள் ஆளுக்கொரு உலை வைத்தார்கள். ஊர் அத்தனையையும் உட்கார்ந்து சாப்பிட்டது. இப்படி ஓர் ஊரில் பிறக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

எனக்கு எப்போதும் முதலில் அத்தோதான். பீச் ஸ்டேஷனில் இறங்கி, ராஜாஜி சாலையைக் கடந்து, பர்மா பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் தெருவுக்குள் நுழைந்தால் பூண்டு எண்ணெய் வாசனை எதிரே வந்து கையைப் பிடிக்கும். சாயங்காலம் ஆனதும் தள்ளுவண்டிகள் அங்கே வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொரு வண்டியிலும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மலைபோல் குவித்த நூடுல்ஸ், மயிரிழையாகச் சீவிய முட்டைக்கோஸ், பொன்னிறத்தில் பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எலுமிச்சை, கொத்தமல்லி. ஓரமாகக் கொதித்துக்கொண்டிருக்கும் வாழைத்தண்டு சூப்.

அத்தோ போடும் அண்ணனின் கையைப் பார்ப்பதே தனிச் சுகம். கிண்ணத்தில் நூடுல்ஸ் விழும், மேலே கோஸ், வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கரண்டி பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர். "ண்ணா, காரம் தூக்கலா, மீடியமா?" என்று கேட்டுக்கொண்டே மிளகாய்த்தூள். கடைசியாகப் பேஜோ என்கிற மொறுமொறு வடையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கித் தூவுவார். அப்புறம் கையாலேயே ஒரு பிசை. கரண்டியால் கிளறினால் இந்த ருசி வராது; எண்ணெயும் புளியும் ஒவ்வொரு இழையிலும் ஏறவேண்டும் என்றால் விரல்தான் வேண்டும். முதல் வாயில் புளிப்பு, அடுத்து காரம், இடையிடையே கோஸின் நறுக்கென்ற பச்சைத்தனம், பேஜோவின் மொறுமொறுப்பு. இரண்டு வாய்க்கு ஒரு மடக்கு சூப். அந்தச் சூப்பை வண்டிக்காரர் கேட்காமலே திரும்ப ஊற்றுவார். கண்ணில் தண்ணீர் வரும், மூக்கு ஒழுகும், தட்டை மட்டும் கீழே வைக்க மனசு வராது.

வறுத்த அத்தோவும் உண்டு. கல்லில் போட்டு, முட்டை உடைத்து ஊற்றிக் கொத்தித் தருவார்கள். இளவட்டங்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். எனக்கு அதில் நாட்டம் இல்லை. கல்லில் ஏறியதும் கோஸ் துவண்டுவிடும், புளியின் கூர்மை மழுங்கிவிடும். பிசைந்த அத்தோவே அத்தோ.

முட்டை மசாலாவைச் சொல்லாமல் அங்கிருந்து நகர முடியாது. அவித்த முட்டையை வகிர்ந்து, அதற்குள் பொரித்த வெங்காயமும் பூண்டும் மிளகாயும் திணித்து, பூண்டு எண்ணெயும் புளித்தண்ணீரும் விட்டுத் தருவார்கள். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்து வைத்தால் பாதி ருசி தட்டில் போய்விடும். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா மகனை ஒருமுறை அழைத்துப் போனேன். வண்டியைப் பார்த்ததும் "மாமா, இதையா சாப்பிடப் போறோம்?" என்றவன், முதல் முட்டையை விழுங்கிவிட்டு என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நேராக வண்டிக்காரரைப் பார்த்து, "அண்ணா, இன்னும் ரெண்டு" என்றான். இப்போது போன் செய்தால் என்னை விசாரிப்பதற்கு முன்னால் அத்தோவை விசாரிக்கிறான்.

அந்தத் தட்டுக்குள் ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சேர்த்த பணத்தையும் நகையையும் கொண்டுவர அவர்களை விடவில்லை. பிழைப்புக்கு வழியாக 1969இல் பர்மா பஜார் உருவானது. சொத்தைப் பிடுங்கிக்கொண்டவர்களால் கைப்பக்குவத்தைப் பிடுங்க முடியவில்லை. மீன் போட்டுக் காய்ச்சுகிற பர்மிய மொய்ங்கா, வாழைத்தண்டு சூப்பாகச் சென்னையில் புது உருவம் எடுத்தது. எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் எங்களுக்கு இவ்வளவு பெரிய விருந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, அந்த வண்டிக்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

செகண்ட் லைன் பீச்சிலிருந்து வந்து, உயர் நீதிமன்றத்தை ஒட்டி என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் மேற்கே நடந்தால் பசி திரும்ப வந்துவிடும். அங்கேதான் சீனா பாய் டிபன் சென்டர். இட்லி, ஊத்தப்பம், இரண்டே பண்டம். திறப்பதும் சாயங்காலம்தான். பெரிய கல்லில் குட்டி ஊத்தப்பங்களை நெருக்கி வார்த்து, பொடியைத் தூவி, நெய்யை ஊற்றுகிறார்கள் பாருங்கள், அந்த ஊற்றலுக்கே கூட்டம் நிற்கிறது. வீட்டில் ஒரு தேக்கரண்டிக்குக் கணக்குப் பார்க்கிற நெய், இங்கே ஓரமெல்லாம் வழிந்து கல்லிலேயே பொரிகிறது. ஊத்தப்பத்தின் விளிம்பு முறுகலாகி, நடு பஞ்சாக நிற்கும். இட்லியையும் கல்லில் புரட்டி நெய்ப்பொடியில் குளிப்பாட்டித் தருவார்கள். நின்றபடிதான் சாப்பிட வேண்டும். நிற்கிறோம் என்ற நினைப்பே வராது.

பக்கத்திலேயே தங்கசாலை, எல்லாரும் சொல்கிற மிண்ட் ஸ்ட்ரீட். வடக்கேயிருந்து வந்த வியாபாரக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழும் சௌகார்பேட்டைப் பகுதி. காகடா ராம்பிரசாத்தில் கண்ணெதிரே பிழிந்து எடுக்கிற ஜிலேபி, பக்கத்திலேயே கொதிக்கக் கொதிக்கப் பாதாம் பால். சூடான ஜிலேபியைக் கடித்ததும் உள்ளேயிருந்து பாகு நாக்கில் இறங்கும்போது ஒரு சந்தோஷம் உடம்பெல்லாம் ஓடும். அதை அனுபவித்தே தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பகுதியில் என் மனசைப் பறித்தது முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு வட்ட முறுக்கு. நடுவில் புதினாச் சட்னி தடவி, வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் வில்லை வில்லையாக அடுக்கி, மேலே மசாலா தூவி, வேண்டுமென்றால் சீஸ் துருவிப் போட்டுத் தருவார்கள். முறுக்கு நம் பாட்டி வீட்டுப் பண்டம். அடுக்குகிற கைவரிசை சாட் கடைக்காரருடையது. இரண்டு வீட்டாரும் சம்பந்தம் பேசி முடித்த கல்யாணம் அது. இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் இதைக் கண்டுபிடிக்கத் தோன்றவில்லையே என்று ஒவ்வொரு கடிக்கும் பெருமையாக இருக்கிறது.

இனி திருவல்லிக்கேணி. ரத்னா கபே. 1948இல் தொடங்கிய கடை. தொடங்கியவர் உத்தரப் பிரதேசத்தின் மதுராவிலிருந்து வந்தவர். கிருஷ்ணன் பிறந்த ஊரிலிருந்து வந்து, பார்த்தசாரதி கோயில் கொண்டிருக்கும் பேட்டையில் கடை போட்டு, தமிழர்களுக்கே சாம்பார் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டினார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்குவதில்லை.

அங்கே சாம்பார் இட்லி சொல்லுங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள். தட்டில் இட்லி வரும், கூடவே சாம்பார்ப் பாத்திரத்தோடு ஓர் ஆள் வருவார். இட்லி முங்கும்வரை ஊற்றுவார். நீங்கள் பாதி சாப்பிடுவதற்குள் இட்லி சாம்பாரைக் குடித்துவிட்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் போதும், மறுபடி வந்து ஊற்றுவார். பெருங்காயமும் கொத்தமல்லியும் மணக்கும். நாக்கில் முதலில் படுவது மெல்லிய தித்திப்பு, அதன் பின்னால் காரம் மெதுவாக வரும். ஸ்பூனால் வெட்டினால் இட்லி குழைந்து சாம்பாரோடு கலந்துவிட வேண்டும், ஆனால் கரைந்துவிடக் கூடாது. அந்தப் பதம் அங்கே தவறுவதில்லை. நெய் வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள். முடிவில் ஒரு பில்டர் காபி. மேன்ஷன் விடுதி அறைகளில் தங்கி வேலை தேடிய எத்தனை தலைமுறை இளைஞர்களுக்கு இந்தத் தட்டு காலைச் சாப்பாடாக இருந்திருக்கும்! சம்பளம் வாங்கிய முதல் நாள் அங்கே போய் இரண்டு தட்டு சாப்பிட்டதாகச் சொன்ன பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். சொல்லும்போது அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணிக்கு அடுத்த சேப்பாக்கத்தில், கிரிக்கெட் மைதானத்துக்கு அருகே ஒரு சின்னத் தெருவில் நாயர் மெஸ். மத்தியானம் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வாழை இலை, மீன் குழம்பு, கல்லிலிருந்து நேராக இறங்கும் வஞ்சிரம் வறுவல். மீனின் மேல்தோல் மொறுமொறுவென்று இருக்க, உள்ளே சதை வெள்ளையாக அடுக்கடுக்காகப் பிரியும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன், மீன் விஷயத்தில் எளிதில் யாரையும் பாராட்டிவிட மாட்டேன். நாயர் மெஸ்ஸை மனசாரப் பாராட்டுகிறேன்.

அண்ணா சாலையில் புகாரி. கொழும்பில் ஓட்டல் நடத்திய ஏ.எம். புகாரி 1951இல் இங்கே தொடங்கியது. சிக்கன் 65ஐ 1965இல் உலகுக்குக் கொடுத்தது தாங்கள்தான் என்று அந்தக் கடை உரிமையோடு சொல்கிறது. இன்று இந்தியாவில் சிக்கன் 65 கிடைக்காத ஊர் அபூர்வம். பல ஊர்களில் சிவப்புச் சாயம் பூசி, மாவுக்குள் கோழியைத் தேட வைக்கிறார்கள். அசலைச் சாப்பிட வேண்டும் என்றால் அண்ணா சாலைக்கு வாருங்கள்.

மயிலாப்பூரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை வேண்டும். கோயிலைச் சுற்றிவிட்டு மாட வீதியில் காளத்தி கடையில் ஜில்லென்று ஒரு ரோஸ் மில்க், காலையில் சீக்கிரம் எழுந்தால் ராயர் மெஸ்ஸில் பொங்கலும் கெட்டிச் சட்னியும். இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் நெஞ்சில் இன்னும் வலிக்கிறது. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. மரங்களுக்கு நடுவே காரை நிறுத்தினால் காருக்கே தட்டு வரும்; கார் இல்லாதவர்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு காபிக்கு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்ற பெரியவர்கள் எல்லாருக்கும் அது இன்னொரு வீடு. 1962இல் தொடங்கியது, 2008இல் மூடினார்கள். இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. பூங்கா அழகுதான். ஆனால் அந்த வழியே போகும்போதெல்லாம் என் மூக்கு காபி வாசனையைத் தேடுகிறது. இப்படி ஓர் இடத்தை மறுபடி கட்டிவிட முடியாது. கட்டடம் எழும்பும், அந்த உட்காரல் வராது.

அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். புதிய மால்களில் விதவிதமான சாப்பாட்டுக் கடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. போங்கள், சாப்பிடுங்கள். ஆனால் பழைய கடைகளை வாரத்துக்கு ஒருமுறையாவது எட்டிப் பாருங்கள். பிள்ளைகளை அழைத்துப் போங்கள். போனில் ஆர்டர் செய்யாமல், அந்தக் கல்லுக்கும் வண்டிக்கும் எதிரே அவர்களை நிறுத்துங்கள். யார் எங்கிருந்து வந்து இந்த ருசியைக் கொண்டுவந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே ஊட்டுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: மத்தியானம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு, ஆறு மணி வாக்கில் பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். முதல் தட்டு அத்தோவாக இருக்கட்டும், முட்டை மசாலா இரண்டாகச் சொல்லுங்கள்.