தேறியவர் எத்தனை? தேடப்படாதவர் எத்தனை?

சாத்தூர்! சேவுக்குப் பெயர்போன ஊர். ஊற்றுப் பேனாக்களுக்கு முள் செய்து தந்து புகழ் பெற்றிருந்த ஊர். ஆனால் அதே வட்டாரத்திலே, பேனா பிடிக்க வேண்டிய பிஞ்சு விரல்கள் தீக்குச்சி அடுக்கின, பெட்டி ஒட்டின. பொழுது புலருமுன் சிற்றூர்தோறும் வந்து நின்ற வண்டி, பள்ளிக்கூடத்து வண்டியன்று. தீப்பெட்டி ஆபீசு வண்டி! தூக்கம் கலையாத சிறுவர் சிறுமியரை அது வாரிச் சென்றது. எழுதுகோலுக்கு முள் செய்த ஊர். எழுதுகோல் காணாத பிள்ளைகள்! வேதனையன்றோ இது?

அந்தச் சாத்தூரை உள்ளடக்கிய விருதுநகர் மாவட்டம், 2017-இல் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆகிய இரு தேர்வுகளிலும் தமிழகத்திலே முதலிடம் பெற்றது. தேர்ச்சி நூற்றுக்கு 97-க்கும் மேல். மகிழ்கிறோம், உழைத்த ஆசிரியரைப் பாராட்டுகிறோம். ஆனால் பகுத்தறிவு நம்மைக் கேட்கச் சொல்கிறது: எந்த நூற்றுக்கு 97?

கணக்கைப் பாருங்கள், தோழர்களே! ஓர் ஊரிலே நூறு பிள்ளைகள் முதல் வகுப்பிலே சேர்கின்றனர் என்று கொள்வோம். வழியிலே நாற்பது பேர் நின்றுவிடுகின்றனர். அறுபது பேர் தேர்வு எழுதுகின்றனர். ஐம்பத்தெட்டு பேர் தேறுகின்றனர். ஏடு என்ன சொல்லும்? நூற்றுக்கு ஏறத்தாழ 97! நாற்பது பிள்ளைகள் எங்கே? ஏட்டிலே இல்லை. தேர்வு எழுதியவனை எண்ணும் கணக்கு, எழுத வராதவனை எண்ணாது. தேர்ச்சி விழுக்காடு ஒன்றையே இலக்கு என்று வைத்தால், மெல்லக் கற்கும் மாணவன் பள்ளிக்குப் பாரமாகிவிடுகிறான். அவனைக் கைதூக்கிவிடுவது கடினம், கழற்றிவிடுவது எளிது!

கடல் கடந்த ஒரு சான்று காண்போம். அமெரிக்க நாடு 2002-இலே ஒரு சட்டம் செய்தது. 2014-க்குள் ஒவ்வொரு குழந்தையும் படிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. உயர்ந்த இலக்குதான். நடந்தது என்ன? அட்லாண்டா என்னும் பெருநகரிலே, மதிப்பெண் குறைந்தால் வேலைக்கு ஆபத்து என்ற அச்சம் பரவியது. விடைத்தாளிலே தவறான விடையை அழித்துச் சரியானதைத் தீட்டினர், சில ஆசிரியர்கள்! 44 பள்ளிகளிலே 178 பேர் இதிலே ஈடுபட்டனர் என்று 2011-இல் விசாரணை அறிவித்தது. எண் உயர்ந்தது, குழந்தை உயரவில்லை. அந்த இலக்குச் சட்டத்தையே 2015-இல் மாற்ற நேர்ந்தது.

இலக்கே வேண்டாமா? வேண்டும். விடுபட்டவனைத் தேடும் இலக்கு வேண்டும். அதற்கு முன்னோடிகள் நம்மிடையே உண்டு. 1920-இலே, தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பகலுணவு தந்தது. பசித்த பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டதன் விளைவு அது. விருதுநகரிலே பிறந்து, 1957-இலும் 1962-இலும் சாத்தூர்த் தொகுதியில் வென்ற காமராசர், முதலமைச்சராக இருந்தபோது அந்த உணவை நாடெங்கும் பரப்பினார். 2022-இல் மதுரையிலே தொடங்கிய காலை உணவும் அதே கேள்விக்கு விடைதான்.

எதிர்த்திசையிலே சென்றவர்களும் உண்டு. 1953-இல் வந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று நாடு கொதித்தது. 1954-இல் திட்டம் வீழ்ந்தது. ஆனால் தீப்பெட்டி வட்டாரத்திலே, எவரும் அறிவிக்காமலே வறுமை அதைவிடக் கொடிய திட்டம் நடத்தியது: முழு நேரமும் தொழில்! 1986-இல் தடைச் சட்டம் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் தர வேண்டும் என்றது. அந்தப் பழைய காட்சி பெரிதும் மறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், ஆபத்தான தொழில்கள் நீங்கலாக, பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலே குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று கதவைச் சிறிதே திறந்து வைத்திருக்கிறது. உதவி எது, உழைப்பு எது என்று வீட்டுத் திண்ணையிலே அளப்பவர் யார்?

பெருநகரத்துக்கும் இதே பாடந்தான். சென்னையிலே ஆற்றங்கரைக் குடிசைகளை அகற்றி, மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினர். வீடு மாறியது, பழைய பள்ளி தொலைவாயிற்று. பாதியிலே படிப்பை விட்ட பிள்ளையின் பெயர் எந்தப் பள்ளியின் தோல்விக் கணக்கிலே ஏறும்?

ஆகவே இலக்கை இப்படி எழுதுங்கள் என்கிறோம். முதல் வகுப்பிலே சேர்ந்த நூறு பேரில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் எத்தனை என்று ஊர் அறிய ஆண்டுதோறும் அறிவியுங்கள். நின்றவனின் வீட்டுக்குச் சென்று காரணம் கேட்பதை ஆசிரியரின் தலையிலே கட்டாமல், அதற்கென ஆள் அமர்த்துங்கள். பின்தங்கிய பள்ளிக்கே முதலில் ஆசிரியரை நிரப்புங்கள். தேர்ச்சி குறைந்ததற்காகத் தண்டிக்காதீர். பிள்ளையைக் கைவிட்டதற்காகக் கேள்வி கேளுங்கள்.

இளைஞனே! தேர்வு முடிவு வரும் நாளிலே, வெற்றி பெற்ற பிள்ளைக்கு மாலையிடு. மறுநாள் உன் தெருவிலே நட. அந்த வகுப்பிலே இருந்திருக்க வேண்டிய முகம், பட்டறையிலோ கடையிலோ அடுப்படியிலோ தென்படும். பெயரைக் கேள், பள்ளியின் பழைய ஏட்டோடு ஒப்பிட்டுப் பார். அந்த முகத்தையும் சேர்த்து எண்ணும் நாளில்தான், நூற்றுக்கு நூறு என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு!