ஜம்பரின் மகிமை

பிரம்மாண்டமான கொதிகலன்களை நிர்மாணிக்கும் பெல் ஆலையின் குடியிருப்பாகிய கைலாசபுரத்தில், பரண்மேல் கிடந்த பழைய கணினி ஒன்றை இறக்கித் தூசி தட்டி, லினக்ஸால் அதற்குப் புனர்ஜன்மம் அளிக்க முனைவோர், ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லையென்று இன்ஸ்டாலர் கைவிரிக்கும்போது, முதலில் நினைக்க வேண்டியது ஜம்பரையே.

நெல்மணி அளவே உள்ள பிளாஸ்டிக் உறை, அதனுள் இரண்டு பின்களை இணைக்கும் உலோகத் துண்டு. அவ்வளவுதான் அதன் சரீரம். ஆயினும், ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிரைவுகள் கூடி வாழும் ஐடிஇ சம்பிரதாயத்தில், எது மாஸ்டர், எது ஸ்லேவ் என்று நிர்ணயிக்கும் அதிகாரம் அதற்கு உரியது. டிஸ்க், சிடி டிரைவ் இரண்டுமே மாஸ்டர் ஸ்தானத்தைக் கோரினால், பயாஸின் பார்வையிலிருந்து ஒன்றோ இரண்டுமோ மறைந்துவிடும். டிஸ்க்கின் லேபிளில் அச்சிட்ட படத்தை வெளிச்சத்தில் சரிபார்த்து, ஜம்பரைக் கூர்முனைச் சாமணத்தால் இடம் மாற்றி, 80 கம்பிக் கேபிளின் நீல முனையை மதர்போர்டிலும், கறுப்பை மாஸ்டரிலும், சாம்பல் நிற நடுமுனையை ஸ்லேவிலும் செருகினால், அவ்விவகாரம் தீரும்.

பிற்காலத்துச் சாட்டா டிஸ்க்குகளில் இவ்வாட்சி ஒழிந்தது; அங்கே பயாஸில் ரெய்டு என்றிருப்பதை ஏஹெச்சிஐ என மாற்றுவதே பல சமயம் பரிகாரம். ஆனால், ஒரு கட்டளையும் தட்டாமல், விரல் நுனியாலேயே வழக்கைத் தீர்க்கும் சுகம் அதில் ஏது?