நிறத்தை விடுங்கள், மினுக்கைப் பாருங்கள்

1995இல் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’யில் பிக்ஸார் நிறுவனம் பொம்மைகளைக் கதைமாந்தர்களாக்கியதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அன்றைய கணினி எதை வரைந்தாலும் பிளாஸ்டிக் போலவே தெரிந்தது. அதனால் பிளாஸ்டிக்குக்கே கதை எழுதிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்! இன்று அதே திரையில் தோல் ஜாக்கெட் முழங்கையில் மடிந்து சுருங்குகிறது, வெல்வெட் திரைச்சீலை ஓரத்தில் ஒளிர்கிறது. நாமோ சண்டையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம். வீடியோ கேமில் கதாநாயகன் சும்மா நிற்கும் நேரம் இருக்கிறதே, அப்போது அவன் பெல்ட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். தோலை நன்றாகப் படம் பிடித்து ஒரு வடிவத்தின்மேல் ஒட்டுவது பழைய வித்தை. கணினி வரைகலை ஆய்வாளர் எட் கேட்மல் 1974ஆம் ஆண்டு ஆய்வேட்டிலேயே அதற்கு வழி சொல்லிவிட்டார். ஆனால் ஒட்டிய படம் ஒட்டிய படமாகத்தான் தெரியும். 1978இல் அதே துறையின் ஜேம்ஸ் பிளின் ஒரு தந்திரம் செய்தார். பரப்பு தட்டையாகவே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்ற கணக்கை மட்டும் சிறிது கலைத்துவிட்டால், ஒளி பட்டதும் சுருக்கங்கள் எழுந்து நிற்கும். இன்றைய நார்மல் மேப் அந்த வழியில் வந்ததுதான். ஊதா கலந்த நீலமாக இருக்கும் அந்தப் படம் கண்ணுக்கானதல்ல, கணக்குக்கானது. அதோடு ரஃப்னெஸ் மேப் என்றொரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. எந்த இடம் வழவழப்பு, எந்த இடம் சொரசொரப்பு என்பதை அது சொல்லும். கலைஞரின் கைத்திறன் பெரும்பாலும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் கேமராவோ விளக்கோ நகரும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும். அசையாத படத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

தோலுக்கு வருவோம். நல்ல தோல் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. முதுகுப் பகுதி இறுக்கமாக இருக்கும், வயிற்றுப் பகுதி தளர்ந்து மடியும். ஆவாரம்பட்டை போன்ற பட்டைகளின் சாற்றில் பதனிட்டது வெயிலும் கை எண்ணெயும் பட்டுப் பட்டு நிறம் ஏறும். குரோம் உப்பில் பதனிட்டது அவ்வளவாக மாறாது. கை அடிக்கடி படும் இடம் வழவழக்கும்: மணிபர்ஸின் மூலை, பெல்ட்டில் கொக்கி உரசும் ஓட்டை, பையின் கைப்பிடி. ஆகவே திரையில் ஒரு தோல் பையைப் பார்த்தால், அதை யார் எங்கே பிடித்திருப்பார்கள் என்று யோசியுங்கள். அந்த இடத்தில் மினுக்கு கூடியிருந்தால் வேலை தெரிந்தவர் செய்தது. மாறாக எல்லா விளிம்பிலும் சமமாக வெளிறிய தேய்மானம் ஓடினால், செய்தவர் மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார் என்று பொருள். தோல் ஒன்றும் பெயின்ட் அடித்த இரும்பு அல்ல, விளிம்பில் உரிந்து வெள்ளியாகத் தெரிய.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சிறு தழும்பையோ புள்ளியையோ கண்ணில் குறித்துக்கொண்டு, அது சிறிது தள்ளி மறுபடி வருகிறதா என்று தேடுங்கள். சிறிய சதுரப் படம் ஒன்றைத் திரும்பத் திரும்ப அடுக்கித்தான் பெரிய பரப்பை மூடுவார்கள். அந்தத் தையல் தெரியாமல் மறைப்பதே திறமை. வேடிக்கை என்னவென்றால், ரெக்சினில் இந்தக் குறை குறையே அல்ல. அதன் வரிகளை உருளையால் அழுத்தித்தான் பதிக்கிறார்கள், ஆகவே அங்கே உண்மையிலேயே ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். தோல் சோபா செய்யக் கிளம்பிப் பலர் அசல் ரெக்சின் சோபாவைச் செய்து முடிப்பதும் இதனால்தான்.

துணியில் விளிம்பைப் பாருங்கள். பருத்தியிலும் கம்பளியிலும் மெல்லிய நார்கள் துருத்திக்கொண்டிருக்கும், பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் ஓரம் லேசாகப் பூக்கும். வெல்வெட்டில் இது இன்னும் அதிகம்: நேரே பார்த்தால் இருட்டு, சாய்ந்து பார்த்தால் ஒளி. டிஸ்னியின் பிரென்ட் பர்லி 2012இல் வெளியிட்ட, பரப்புகளில் ஒளி படும் விதத்தைக் கணக்கிடும் மாதிரியில் ‘ஷீன்’ என்ற தனி அளவையே முக்கியமாகத் துணிக்காகத்தான் வைத்தார். ஜீன்ஸ் எளிது. பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. சாயம் நூலின் மேற்புறத்தோடு நின்றுவிடுவதால் முழங்காலும் தொடையும் வெளிறும். வெளிறல் மூலைவாட்டு வரிகளில் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

பட்டுதான் உண்மையான பரீட்சை. காஞ்சிபுரத்தில் மயில்கழுத்து நிறம் என்கிறோமே, அதில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மடிப்பு திரும்பும்போது ஒரு நூல் பின்வாங்கி மற்றொன்று முன்வரும். ஒரே நிறப்படத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது. பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும்படி தனியாகக் கணக்கு எழுத வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே சரிகை வேறு. பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவது பழைய முறை. ஆகவே சரிகை உலோகம், பட்டு உலோகமல்ல. வெள்ளை விளக்கின் கீழ் பட்டின் மினுக்கு சற்று வெளிறும், சரிகையின் மினுக்கோ பொன்னாகவே நிற்கும். இரண்டும் ஒரே மாதிரி மின்னினால் அது மஞ்சள் சாயம் அடித்த கரை. நம் படங்களில் கணினியில் வரையும் பட்டுச் சேலைகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன என்பது என் எண்ணம்.

கணினி இருந்தால் நீங்களே சோதிக்கலாம். பிளெண்டர் மென்பொருள் இலவசம். பாலி ஹேவன் தளத்தில் தோலும் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு தோலை இறக்கி ஓர் உருண்டையில் போர்த்தி, விளக்கை மெல்லச் சுற்றுங்கள். பிறகு நிறப்படத்தைக் கழற்றிவிடுங்கள்: சாம்பல் நிறமாகிவிடும், ஆனாலும் தோலாகவே இருக்கும். அதை மறுபடி மாட்டிவிட்டு, ரஃப்னெஸ், நார்மல் இரண்டையும் கழற்றுங்கள். நல்ல பழுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பந்து சுற்றிக்கொண்டிருக்கும்.