போலச்செய்தலும் செய்தறிதலும்: மலையகப் பாடசாலைகளில் மெய்நிகர் ஆய்வுகூடம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

‘போலச்செய்தல்’ என்னும் சொல் இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. அரிஸ்ரோட்டில் தமது கவிதையியலிற் கலைக்கு அடிப்படையாகக் கொண்ட கருத்தினைத் தமிழிற் கூறப் புகுந்த திறனாய்வாளர் கையாண்ட சொல் அது. அண்மைக்காலத்தில் அதே சொல்லாற் சுட்டத்தக்க பிறிதொரு பொருள் நமது பாடசாலைகளுட் புகுந்துள்ளது. மின்சுற்றினையும் ஊசலையும் அமிலத்தையும் காரத்தையும் கணினித் திரையில் இயங்கச் செய்து, மாணவர் அவற்றை மாற்றி மாற்றி அமைத்துப் பார்க்க இடந்தரும் மெய்நிகர் ஆய்வுகூடமே அப்பொருளாகும். விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகியவற்றைக் கற்பித்தற்கு இதுவே இனி வழியென்றும், அரசும் பல்கலைக்கழகங்களும் நன்கொடை நிறுவனங்களும் ‘பங்காளர்’ ஆகி இதனைப் பின்தங்கிய பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்றும் கூறப்படுகின்றது. விஞ்ஞானக் கல்வி பற்றி இலக்கிய ஆய்வாளர் பேசுவது எல்லை மீறலன்றோ எனச் சிலர் வினவக்கூடும். எதனைப் போலச் செய்கிறோம், எதனை விட்டுவிடுகிறோம், அத்தேர்வு யாருடையது என்னும் வினாக்கள் திறனாய்வின் அடிப்படை வினாக்கள். அவற்றைக் கண்டியையும் அதன் சுற்றுப்புறத் தோட்டப் பாடசாலைகளையும் முன்வைத்து ஈண்டு எழுப்ப விழைகின்றோம்.

முதலில் வரலாற்றுப் பின்னணியை மனங்கொள்ளல் வேண்டும். கண்டி மாவட்டத்து லூல்கந்துரா தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரிற் பயிரிட்டதே இந்நாட்டின் வணிகமுறைத் தேயிலைச் செய்கையின் தொடக்கமாகும். தோட்டச் சிறாரின் கல்வி தோட்ட உரிமையாளரின் பொறுப்பென 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச்சட்டமும் விதித்தன. கொழுந்து பறிக்க எவ்வளவு எழுத்தறிவு வேண்டுமோ அவ்வளவே அப்பொறுப்பின் அளவாயிற்று. 1945இல் இலவசக்கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முதன்மை ஓட்டத்திற்குப் புறத்தேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. தோட்டங்கள் தேசியமயமானதன் பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்தே இப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. சுவீடிஷ் உதவியும் ஜெர்மன் உதவியும் அதன் பின்னரே வந்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அவ்வாறு உருவானதே.

இவ்வரலாற்றின் விளைவு பாடசாலை வகைப்படுத்தலிற் பொறிக்கப்பட்டுள்ளது. உயர்தர விஞ்ஞானப் பிரிவினைக் கொண்டவை 1ஏபி பாடசாலைகள்; கலை, வர்த்தகப் பிரிவுகளை மட்டும் கொண்டவை 1சி; சாதாரண தரத்துடன் நின்றுவிடுபவை இரண்டாம் வகை; ஆரம்பக் கல்வியோடு முடிபவை மூன்றாம் வகை. தெல்தோட்டையிலோ கலஹாவிலோ புசல்லாவையிலோ தோட்டத்தில் வாழும் மாணவர் மருத்துவராகவோ பொறியியலாளராகவோ வருவது, பெருமளவுக்கு அவர் எவ்வகைப் பாடசாலையிற் சேர நேர்ந்தது என்பதாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. 2012க்குப் பின் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளில் ‘மகிந்தோதய’ ஆய்வுகூடங்கள் எழுந்ததும், 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பட்டதும் முன்னேற்றங்களே. ஆயினும் ஆய்வுகூடக் கட்டடம் வேறு, அதனை இயக்கும் ஆசிரியர் வேறு.

இத்தகைய சூழலிலேயே மெய்நிகர் ஆய்வுகூடம் நம் முன் நிற்கின்றது. அதனைக் கண்டு வெருளுதல் நமக்குரிய நிலைப்பாடன்று. இயந்திரத்தையும் இயந்திரத்தின் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்தி நோக்கவேண்டும் என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்திற் கற்பித்தார். அவ்வேறுபாட்டை இங்கும் பேணுவோம். அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பெற்ற ‘ஃபெற்’ என்னும் செயற்றிட்டம் இத்துறையில் மிகப் பரவலானது. 2001ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபெல் பரிசினைப் பகிர்ந்துகொண்ட கார்ள் வீமன் அதன் தோற்றுநர். அதன் படைப்புக்களை எவரும் விலையின்றிப் பெறலாம். இணைய இணைப்பின்றியும் இயக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் அவற்றுட் பல கிடைக்கின்றன. அறிவு விலைப்பண்டமாகிவரும் காலத்தில் இதனைச் சிறு செயலெனக் கருதமுடியாது.

கற்றற் பயனும் மறுக்கத்தக்கதன்று. அப்பல்கலைக்கழக ஆய்வாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மின்சுற்றுக்களைத் திரையில் அமைத்துப் பழகிய மாணவர், மெய்யான கம்பியும் மின்குமிழும் கொண்டு பழகியோரைவிடக் கருத்துத் தெளிவிற் சிறந்திருந்தனர். பின்னர் மெய்யான சுற்றை அமைத்து விளக்குவதிலும் அவர்களே முன்நின்றனர். கண்ணுக்குப் புலனாகாத இலத்திரன்களின் ஓட்டத்தைத் திரை காட்டியமை இதற்கு ஒரு காரணமாதல் கூடும். ஆயின் அவ்வாய்வு எங்கு நிகழ்ந்தது என்பதனையும் உடன் நோக்குதல் வேண்டும். நிறைவான ஆய்வுகூடமும் பயிற்சிபெற்ற துணை ஆசிரியரும் உள்ள பல்கலைக்கழகத்தில், இரண்டிலொன்றைத் தேரும் வசதி இருந்தவிடத்து நிகழ்ந்த ஒப்பீடு அது. ஒன்று அறவே இல்லாத இடத்தில் மற்றொன்று போதுமென நிறுவ அதனைச் சான்றாக்குதல் ஆய்வுநெறியன்று.

கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் மின்சுற்றுப் பாடம் நடைபெற்றபோது நாம் உடனிருக்க நேர்ந்தது. நன்கொடையாகக் கிடைத்த கணினியொன்றைச் சுற்றி முப்பது மாணவர். திரையில் மின்குமிழ் ஒளிர்ந்தது. மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், இந்தப் பல்ப்பைத் தொட்டால் சுடுமா?” என்று கேட்டாள். வரலாற்றுப் பட்டதாரியான அவ்வாசிரியர், வேறு ஆளின்மையால் விஞ்ஞானமும் கற்பிப்பவர். சற்றுத் தயங்கி, “சுடும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது” என்றார். லயத்தில் அம்மாணவியின் வீட்டில் எரியும் எல்ஈடி விளக்கு அவ்வளவாகச் சுடுவதில்லை. பாடநூலிலுள்ள இழைமின்குமிழ் சுடும். இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு, மின்சக்தி வெப்பமாகவும் ஒளியாகவும் மாறுவது பற்றிய ஒரு முழுப் பாடமாகும். அதனைத் தொடங்கிவைக்கும் வினாவை அவள் எழுப்பிவிட்டாள். திரையால் அதற்கு விடையிறுக்க இயலவில்லை. மூன்று மின்கலங்களும் ஒரு குமிழும் ஆசிரியர் மேசைமேல் இருந்திருப்பின், தொட்டறிந்திருப்பாள்.

இங்குதான் போலச்செய்தலின் இயல்பு நமக்குத் தெளிவாகின்றது. கலை யதார்த்தத்தின் கண்ணாடிப் பிம்பமன்று. தேர்வும் விலக்கலும் கொண்ட பிரதிபலிப்பு என்பது நமது திறனாய்வின் பாலபாடம். மெய்நிகர் ஆய்வுகூடமும் அத்தகையதே. அதனை ஆக்கியோர் எச்சமன்பாடுகளை உள்ளிட்டனரோ அவற்றையே அது திருப்பித் தரும். துருவேறிய முனையும் தளர்ந்த கம்பியும் ஈரமான அமிலப்புட்டியும் அங்கில்லை. இவற்றைவிட முதன்மையான குறைபாடு ஒன்றுண்டு: அது தன்னை ஆக்கியவரை ஒருபோதும் மறுத்துரைக்காது. இயற்கையோ பாடநூலையும் ஆசிரியரையும் நியூற்றனையும் மறுத்துரைக்க வல்லது. சிந்தனையின் மெய்ம்மை நடைமுறையிலேயே நிறுவப்படல் வேண்டும் என மார்க்ஸ் 1845இல் ஃபொயர்பாக் பற்றிய குறிப்புக்களில் வற்புறுத்தியதன் உட்பொருள் இதுவே. எதிர்பார்த்தது நிகழாதபோது ஏன் எனக் கேட்பதே விஞ்ஞானம். எதிர்பார்த்தது மட்டுமே நிகழும் கருவியை மட்டும் கையளித்தால், விஞ்ஞானத்தின் முடிவுகள் கையளிக்கப்படும், விஞ்ஞானம் கையளிக்கப்படாது. நகரின் வசதிமிக்க கல்லூரிகளில் திரையும் உண்டு, ஆய்வுகூடமும் உண்டு. அங்கு திரை துணையாகின்றது. தோட்டத்தில் அது பதிலியாகின்றது. ஒரே கருவி, இரு வர்க்கத்தாரிடையே இரு வேறு தொழிலைப் புரிகின்றது.

மொழிப் பிரச்சினையும் இதனோடு பிணைந்தது. ‘தமிழிற் கிடைக்கிறது’ என்பதோடு நாம் அமைதிகொள்ளலாகாது. இலங்கைப் பாடநூல்களிற் ‘கதி’ என்பது திசை கருதாத அளவு. ‘வேகம்’ என்பது திசையும் கொண்ட காவிக்கணியம். தமிழ்நாட்டிலோ திசை கருதாததே ‘வேகம்’. திசை கொண்டது ‘திசைவேகம்’. இங்கு ‘ஆர்முடுகல்’, அங்கு ‘முடுக்கம்’. இங்கு ‘ஒட்சிசன்’, அங்கு ‘ஆக்சிஜன்’. இங்கு பௌதிகவியல், அங்கு இயற்பியல். ஒட்சிசனும் ஆக்சிஜனும் ஒன்றெனச் சிறுவர் விரைவில் உணர்வர். ஆனால் ‘வேகம்’ என்னும் ஒரே சொல் இரு கருத்துக்களைச் சுட்டும்போது, தமிழ்நாட்டு வழக்கிற் பெயர்க்கப்பட்ட திரை, நமது மாணவரைப் பரீட்சையிற் பிழைவிடச் செய்யும்; அதனினும் மேலாகக் கருத்திலேயே குழப்பும். மலையகப் பாடசாலை ஆசிரியருக்கு விஞ்ஞான, கணிதப் பாடங்களிற் பயிற்சியளிக்க 2024இல் இந்தியாவிலிருந்து பயிற்றுநர் வந்தமை வரவேற்கத்தக்கதே. அத்தகைய முயற்சிகளிலும் இவ்வேறுபாட்டை முன்கூட்டியே ஒழுங்குசெய்தல் இன்றியமையாதது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த நாடு இது. கலைச்சொல்லாக்கம் நமக்கு இரவற் பொருளன்று.

இனிப் ‘பங்காண்மை’ பற்றிச் சில கூறுவோம். பங்காளர் என்போர் சமமாகக் கொடுத்துப் பெறுவோர். நடைமுறையிலோ ஒரு சாரார் கொடுப்போராகவும் மறுசாரார் பெயர்ப்பலகையின்கீழ் நின்று படம்பிடிக்கப்படுவோராகவும் உள்ளனர். திட்டக்காலம் முடிந்ததும் கணினி பழுதடைகிறது, திருத்த நிதியில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது திரையை மட்டும் நம்பிய வகுப்பறை என்னவாகியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பங்காண்மையை அளக்கும் கோல் ஒன்றேயாதல் வேண்டும்: கொடுத்தவர் சென்ற பின் பாடசாலையில் எஞ்சுவது என்ன? பயிற்சிபெற்ற ஆசிரியரும் கைப்பட இயங்கும் ஆய்வுகூடமும் எஞ்சுமாயின் அது பங்காண்மை, இன்றேல் விளம்பரம்.

அந்தானை மலையை ஈண்டு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1981இல் நிறுவப்பெற்ற அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் அங்குண்டு. அதே வீதியில், 1925இற் கட்டப்பெற்றுப் பின்னர் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக விளங்குகிறது. மலையடிவாரத்திற்கு அப்பால் மகாவலிக் கரையில் நமது பேராதனைப் பல்கலைக்கழகம். ஆராய்ச்சியும் அருங்காட்சியும் உழைப்பும் ஒரே மலைப்புறத்தே அயலவையாயிருந்தும் ஒன்றையொன்று அறியாது நிற்கின்றன. தேயிலைத் தொழிற்சாலை தன்னளவில் ஓர் ஆய்வுகூடமன்றோ? கொழுந்தை வாட்டுகையில் ஈரப்பதன் இழக்கப்படுகின்றது. உருட்டுகையிற் கலங்கள் சிதைகின்றன. நொதியத்தின் துணையாற் பொலிபீனோல்கள் ஒட்சியேறி இலை செம்பு நிறங்கொள்கின்றது. தொழிற்சாலை இதனை ‘நொதித்தல்’ என்று வழங்கினும் இரசாயனவியல் நோக்கில் இது ஒட்சியேற்றமே. மணத்தைக் கொண்டே அதன் பதமறியும் தொழிலாளியின் பிள்ளை, ஒட்சியேற்றத்தைத் திரையில் வண்ணப் பந்துகளாகக் காண்கின்றது. தந்தையின் கையறிவும் பிள்ளையின் நூலறிவும் சந்திப்பதேயில்லை. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்துவைக்கும் சமூகம், தன் பாடத்திட்டத்திலும் அவற்றைப் பிரித்தே வைக்கும். பங்காளர் பட்டியலில் இதுகாறும் இடம்பெறாத பங்காளி அத்தொழிலாளியே.

எனவே நாம் வேண்டுவன மூன்று. தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றிலும் முதலில் விஞ்ஞான ஆசிரியரும் எளிய ஆய்வுகூடமும், அவற்றின் துணையாக மெய்நிகர் கருவியும். பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானபீடமும் தமிழ்த்துறையும் இணைந்து இலங்கை வழக்கிற்கேற்பத் திருத்தும் தமிழ்ப் பதிப்புக்கள். தொழிற்சாலை, நீர்நிலை, மலைச்சரிவு ஆகியவற்றைப் பாடமாக்கும் களப்பணி. இரண்டாவதனை நமது தமிழ்ச் சங்கம் நாளையே தொடங்கலாம்.

மலைச்சரிவு எனக் காரணத்தோடே கூறினோம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்திலும் ஏனைய மலைநாட்டு மாவட்டங்களிலும் நிலம் சரிந்து உயிர்களையும் குடிமனைகளையும் புதைத்தது. சாய்தளத்தில் வைத்த பெட்டி எக்கோணத்தில் வழுக்கும் என்பதைத் திரை செவ்வனே காட்டும். உராய்வைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆயின் லயத்தின் பின்னாலுள்ள மண்மேட்டில் நீர் ஊறி ஊறி மண்ணின் பிடிப்பு தளர்வதை, புதிதாகத் தோன்றிய வெடிப்பினை, சாய்ந்துவிட்ட மரத்தினை அளந்தறியப் பழகிய மாணவியே தன் குடும்பத்தை உரிய வேளையில் எழுப்பி வெளியேற்றுவாள். திரையில் வழுக்கும் பெட்டியை ஒரு விசையை அழுத்தி மீண்டும் மேலேற்றிவிடலாம். மலைக்கு அத்தகைய விசை இல்லை.